சோத்தாங்கைப் பக்கம் திரும்பிய விமானம்

டெல்லிக்கு ஐம்பது தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். டெல்லியைப் பார்த்ததில்லை. லாரிக்காரனுக்கு டெல்லி என்றால் ஊருக்கு வெளியே ஒரு டிரான்ஸ்போர்ட் நகர். ஒரு கயிற்றுக் கட்டில். நோ என்ட்ரி எத்தனை மணிக்கு முடியும் என்கிற கேள்வி. சேலம் பக்கத்து ஜவ்வரிசியை இறக்குவேன். திரும்பி வர எந்த லோடு கிடைக்கிறதோ அதை ஏற்றுவேன். முப்பத்திரண்டு வருஷம் அப்படிப் போனது. இப்போது முதுகு ஒத்துக்கொள்வதில்லை. வண்டியை விட்டுவிட்டேன்.

போன தை மாதம்தான் முதல் தடவையாக டிக்கெட் எடுத்து ரயிலில் உட்கார்ந்து போனேன். தங்கை சரசு கூப்பிட்டிருந்தாள்.

“அண்ணா, ஒருக்கா வந்துட்டுப் போங்க. அவரு அந்தப் பிளேன விடோணும். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.”

“விட்டுக்கிட்டுத்தான இருக்கறாரு?”

“அந்த விடறது இல்லீங்ணா. கைவிடறது.”

சரசுவின் வீட்டுக்காரர் பெயர் தங்கவேல். எனக்கு மாப்பிள்ளை. ராசிபுரத்துக்காரர். மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை, இருபத்தெட்டு வருஷமாக டெல்லியில். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு சின்ன விமானத்தைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போய்விடுவார். தரையில் நின்று கையிலிருக்கும் பெட்டியில் இரண்டு குச்சிகளை அசைத்தால் விமானம் மேலே சுற்றும். பொம்மை என்று நான் நினைத்திருந்தேன்.

சர்க்கரை வியாதியில் போன வருஷம் அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். அதிலும் மூட்டமாகத்தான் தெரிகிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு விமானம் விட்டு, அது யார் தலையிலாவது விழுந்தால்? இதுதான் சரசுவின் பயம். நியாயமான பயம்.

ரயிலில் எதிர் சீட்டில் வேலூர்க்காரர் ஒருவர். பட்டாளத்தில் இருக்கிறார். லீவு முடிந்து திரும்புகிறார்.

“டெல்லியில என்ன வேலைங்க?”

“ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“போன்ல சொல்லக்கூடாதா?”

“நேர்ல சொன்னாத்தான் ஆவும்.”

“அவ்ளோ பெரிய சமாச்சாரமா?”

“சின்னதுதான். ஒரே வார்த்த.”

அவர் சிரித்து, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தார். நன்றாக இருந்தது. ரயிலில் விற்ற கட்லெட் அப்படி இல்லை.

மறுநாள் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. வேறு எதுவும் இல்லை. இந்த மாதிரி மூட்டத்தில் நாங்கள் வண்டியை ஏதாவது தாபாவில் ஓரம் கட்டிவிடுவோம். ரயில் போனது, நின்றது, போனது. பதினோரு மணி நேரம் லேட். வண்டி ஓட்டியவனுக்குப் பிறர் ஓட்ட உட்கார்ந்திருப்பது கஷ்டம். என் கால் பிரேக்கைத் தேடியபடியே இருந்தது.

ஸ்டேஷனில் ஆட்டோக்காரர் என் விலாசச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஆர்.கே.புரத்துக்கு ஓட்டினார். ஒன்பதாம் செக்டரில் முக்கால் மணி நேரம் சுற்றினோம். அந்த நம்பர் வீட்டில் ஒரு பெங்காலிக் குடும்பம் இருந்தது. சரசு எழுதியது ஆறு. அவர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே நிறம், ஒரே படி, ஒரே துணிக்கொடி. அவரைக் குறை சொல்ல முடியாது.

*

வீடு இரண்டு அறை. ஒன்றில் கட்டிலுக்கு மேலே கூரையிலிருந்து விமானம் தொங்கியது. இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு மேல் இறக்கை. வெள்ளைத் தாள் ஒட்டி, இழுத்து, முறுக்காக இருந்தது. தட்டினால் உறுமி மாதிரி சத்தம்.

“எங்க வாங்குனீங்க மாப்ள?”

“வாங்கலீங்க மச்சான். செஞ்சது.”

பால்சா என்று ஒரு மரம். பஞ்சு கனம்தான் இருக்கும். பிளேடால் அறுத்து, ஒட்டி, சட்டம் கட்டியிருந்தார். ஒரு கண் போன பிறகு செய்தது. நாலு மாதம் ஆனதாம். விரல்களில் வெட்டுக் காயங்கள் இருந்தன. நான் எண்ணவில்லை.

அவர் மகள் நிவேதா ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். டெல்லியிலேயே பிறந்தவள்.

“மாமா, அச்சா ஆச்சு நீங்க வந்தது. மம்மி ரொம்ப டென்ஷன். பப்பா யார் பேச்சையும் மான்றதே இல்ல.”

“என்ன இல்ல?”

“கேக்கறது இல்ல, மாமா.”

சரசு முள்ளங்கி பராட்டாவும் தேங்காய்ச் சட்னியும் வைத்தாள். எத்தனையோ தாபாவில் அந்தப் பராட்டாவைத் தின்றிருக்கிறேன். தேங்காய்ச் சட்னியோடு தின்றது இதுதான் முதல். சேர்கிறது.

பாத்திரம் எடுக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். “சொன்னீங்களாண்ணா?”

“இப்பத்தான வந்தேன்.”

*

மறுநாள் மாப்பிள்ளை லீவு போட்டிருந்தார். விமானத்தின் மூக்கில் சுழல்கிற காற்றாடி வாங்க வேண்டும் என்று பழைய டெல்லிக்குக் கூட்டிப்போனார். நல்லதாகப் போயிற்று, வழியில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

மெட்ரோ படிகளில் அவர் கைப்பிடியைத் தொட்டபடியே இறங்கினார். வாய் லேசாக அசைந்தது. படிகளை எண்ணுகிறார். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் படி எண்ணுவதைப் பார்த்த பிறகு என்ன பேசுவது?

பழைய டெல்லிச் சந்துகள் எனக்குப் பிடித்தன. கை வண்டி, பேட்டரி ரிக்‌ஷா, மாடு, கல்யாண லைட்டுக்காரன், எல்லாம் ஒரே ஊசிக் காதில் நுழைகிற மாதிரி நுழைகின்றன. ஒருவர் மேல் ஒருவர் இடிப்பதில்லை. திருச்செங்கோட்டுச் சந்தைப்பேட்டையில் இதில் கால்வாசிக் கூட்டம் இருந்தாலே கைகலப்பு வரும். இங்கே வாய்ச்சண்டையோடு முடிகிறது.

மண் குவளையில் டீ வாங்கினோம். மாப்பிள்ளை தன் குவளையைப் பலகையில் வைத்தார். பலகைக்கு ஒரு விரல்கடை இந்தப் பக்கம். குவளை கீழே விழுந்து உடைந்தது. டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இன்னொரு குவளை ஊற்றி அவர் கையிலேயே கொடுத்தார். பழக்கம் போலிருக்கிறது.

அங்கே நின்றுகொண்டுதான் மாப்பிள்ளை சொன்னார்.

“ஞாயித்துக்கெழம எனக்குப் பரீட்ச மச்சான்.”

கிளப்பில் அவரை ஆறு மாதமாக விமானம் விட விடவில்லை. வரலாம், உட்காரலாம், டீ குடிக்கலாம். பெட்டியைத் தொடக்கூடாது. கன்னா சாப் என்று எழுபது வயதுக்காரர், கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பு அவரிடம். மாப்பிள்ளைக்கு இந்த வித்தையைக் காட்டியவரே அவர்தான். தடுத்ததும் அவர்தான். கடைசியில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள். அவர் உனக்குக் கண். ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, இறக்கிக் காட்டு. எனக்குத் திருப்தியானால் விடலாம். இல்லையென்றால் அதோடு சரி.

“கிட்ட இருந்தா எனக்கே தெரியுதுங்க மச்சான். தூரம் போனா ஒரு பொட்டு. வருதா போவுதான்னு தெரியறதில்ல.”

“ஆளு யாரு?”

“நிவிய வெச்சுப் பாத்தேன். போற வரைக்கும் சரியாச் சொல்றா. எதுர்ல வந்தா கைய மாத்திச் சொல்லிப்போடறா. எல்லாருமே அப்படித்தான். எதுர்ல வர்றப்ப அதும்பட எடது நமக்கு வலதாயிருதில்ல?”

அவர் டீயை ஊதினார். பிறகு கேட்டார். “நீங்க வர்றீங்களா?”

அவரை விடச் சொல்வதற்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறேன். சரி என்றேன்.

*

சனிக்கிழமை பழகிப் பார்க்கப் போனோம். நகரத்துக்குள் இதை விட அனுமதி கிடையாது. மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன், அங்கிருந்து பேட்டரி ரிக்‌ஷா, பிறகு நடை. ஹரியானா எல்லைப் பக்கம். புது விமானத்தை எடுக்காமல் தெர்மகோல் மாதிரி ஒன்றில் செய்த பழையதைக் கொண்டுவந்தார். மெட்ரோ வாசலில் காவலர் விமானம் வைத்திருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“என்ன இது?”

“ஹவாய் ஜஹாஜ்.” விமானத்துக்கு இந்தியில் அப்படித்தான் பெயர்.

“எங்கே போகிறது?”

“இன்று போவது சந்தேகம்தான், பையா,” என்று மாப்பிள்ளை இந்தியில் சொன்னார். காவலர் சிரித்துவிட்டு விட்டார். ரிக்‌ஷாவில் இறக்கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். காற்றில் அது தூக்கிக்கொண்டே இருந்தது. கோழியைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தேன்.

மைதானம் என்பது கோதுமை வயலுக்கும் கடுகு வயலுக்கும் நடுவே புல் வெட்டிய ஒரு பட்டை. ஓரத்தில் வேலி மாதிரி மரங்கள். கீக்கர் என்றார். பார்த்தால் நம் ஊர்ச் சீமைக்கருவேலம். அதே முள். இவ்வளவு தூரம் எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறது.

மாப்பிள்ளை விமானத்தை ஏற்றினார். கொஞ்சம் போனதும், “மச்சான், இனி நீங்க,” என்றார்.

விமானம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் சொன்னேன். “ரைட்.”

கொஞ்சம் வளைந்தது. அதுவும் பரவாயில்லை.

“ரைட்... ரைட்... ரைட்...”

இன்னும் வளைந்தது. எதற்கு இப்படி வளைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மனிதருக்குத் தைரியம் கொடுப்போம் என்று குரலை உயர்த்தினேன். “போலாம் ரைட்.”

விமானம் முழுதாகத் திரும்பி நேரே கீக்கர் மரத்துக்குள் போனது.

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார்.

“ரைட்டு ரைட்டுன்னீங்களே மச்சான். திருப்பினேன்.”

“ரைட்டுன்னா சரியாப் போவுது, நீ போன்னு அர்த்தம்.”

அவர் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்.

“அந்த ரைட்டக் கேட்டு இருவத்தெட்டு வருசமாச்சுங்க மச்சான். இங்க பஸ்ஸுல யாரும் அப்படிச் சொல்றதில்ல.”

பக்கத்து வயல்காரரிடம் மூங்கில் கழி வாங்கி விமானத்தை இறக்கினோம். இறக்கையில் ஒரு கிழிசல். டேப் ஒட்டினார். முள் குத்திய என் கைக்கும் அதே டேப்.

பிறகு உட்கார்ந்து வார்த்தை பேசி முடித்தோம். ரைட் வேண்டாம். லெஃப்ட்டும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் சோத்தாங்கை, நொட்டாங்கை என்போம். சோறு தின்கிற கை வலது. அதையும் சுருக்கினோம். வலது பக்கம் திருப்ப ‘சோறு’. இடது பக்கம் ‘நொட்டை’. சரியாகப் போனால் ‘வா’.

“எதுர்ல வர்றப்ப யாரு கை?” என்று கேட்டார்.

“எப்பவும் பிளேனும்பட கைதான். அத என்கிட்ட விடுங்க.”

இது எனக்குச் சிரமமில்லை. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் வண்டியைப் பார்த்தபடி நிற்பான். அவன் கை ஒரு பக்கம், டிரைவர் கை ஒரு பக்கம். அவன் சொல்ல வேண்டியது டிரைவர் கையை. பதினாறு வயதில் கிளீனராக ஏறியபோது என் டிரைவர் இதைத்தான் முதலில் சொன்னார். சொன்னது வாயால் மட்டும் இல்லை. அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் வண்டியின் கைதான் எனக்குக் கை.

பழைய விமானம் மறுபடி ஏறியது. எட்டு சுற்று. எதிரில் வந்தபோதும் தவறவில்லை. மாப்பிள்ளையின் உதடு இப்போது எண்ணவில்லை. அதைக் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சரசு என் கையில் டேப்பைப் பார்த்தாள்.

“சொன்னீங்களாண்ணா?”

“நாளைக்கு.”

*

ஞாயிற்றுக்கிழமை நிவேதா வேலையை மாற்றிக்கொண்டு காரில் கூட்டிப்போனாள். சரசு வரவில்லை. பனி விலக மணி பத்தரை ஆகிவிட்டது.

கிளப்பில் அன்று எல்லாருக்கும் திறந்த நாள். வருகிறவர் யாராக இருந்தாலும் விமானம் விட்டுப் பார்க்கலாம். இரண்டு பெட்டிகளைக் கம்பியால் இணைத்திருக்கிறார்கள். ஒன்று புது ஆளிடம், ஒன்று கிளப் ஆளிடம். புது ஆள் தப்புச் செய்தால் கிளப் ஆள் தான் அழுத்திப் பிடித்திருக்கும் பித்தானை விடுவார், விமானம் அவர் கைக்கு வந்துவிடும். பக்கத்து வயல்காரர் வந்து நின்றார். டீ விற்கிற அம்மாள் தலையில் முக்காட்டோடு ஒரு சுற்று விட்டுவிட்டுப் பாலைக் கிளறப் போனாள்.

கன்னா சாப் சொல்லிக்கொடுக்கிற விதம் எனக்குப் பிடித்தது. மேலே, கீழே என்று சொல்வதே இல்லை. மேலே என்றால் எல்லாரும் குச்சியை மேலே தள்ளுகிறார்கள், விமானம் மூக்கைக் கவிழ்க்கிறது. அதனால் பட்டம் விடுகிற வார்த்தைகளைச் சொல்கிறார். கீஞ்ச் என்றால் இழு. டீல் என்றால் நூலைத் தளர விடு. டெல்லியில் அது தெரியாத ஆள் கிடையாதாம்.

என் கையிலும் கொடுத்தார். இரண்டு நிமிஷம் விட்டேன். லாரியில் லோடு சாய்ந்தால் முதுகுக்குத் தெரியும். டயர் இறங்கினால் கைக்குத் தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. எல்லாம் கண். கண் மட்டும்தான். அப்போதுதான் மாப்பிள்ளைக்கு என்ன போனது என்று எனக்கு விளங்கியது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு அவர் முறை. புது விமானம். மற்றவர்கள் இறக்கிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கோட்டுக்குப் பின்னால், நாற்பது ஐம்பது பேர். கன்னா சாப் கையைக் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றார்.

“ஒரு விஷயம் தங்கவேல்,” என்றார் இந்தியில். “உன் ஆள் சொல்வது மட்டும்தான் உன் காதில் விழ வேண்டும். நான் கத்தினாலும் சரி.”

விமானம் பட்டையில் ஓடி எழும்பியது. தெர்மகோலைப் போல இல்லை. கனமாக, நிதானமாக ஏறியது.

“வா. வா. நொட்டை. கொஞ்சம் நொட்டை. வா.”

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதில் எதிரில் வந்தது. “சோறு. சோறு. வா.” பின்னால் யாரோ சிரித்தார்கள். அர்த்தம் என்ன என்று ஒருவர் கேட்க, நிவேதா இந்தியில் ‘சாவல்’ என்று சொல்லியிருக்கிறாள். மாமாவுக்குப் பசிக்கிறது போல, ராஜ்மா சாவல் வைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு குரல். நான் திரும்பவில்லை.

மூன்றாவது சுற்று. விமானம் தெற்குப் பக்கம் போனது. அங்கே பனி முழுக்க விலகவில்லை. வெயில் அதன் மேல் பட்டு ஆகாயம் சுண்ணாம்பு அடித்த சுவராக நின்றது. வெள்ளை விமானம்.

“வா... வா...”

இருந்தது. அடுத்த நொடி இல்லை.

நான் கண்ணை இடுக்கினேன். சுவர்தான். அது அங்கேதான் இருக்கும், இதே வேகத்தில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும், ‘வா’ என்று சொன்னால் வெளியே வந்துவிடும். நாக்கு அந்த வார்த்தைக்குத் தயாராக இருந்தது. ஒரு காலத்தில் ஈரோட்டு குடோன் ஒன்றில் பார்க்காமலே ‘வா’ சொல்லியிருக்கிறேன். பின்னால் நின்ற லோடுமேனின் காலில் சக்கரம் ஏறியது. பிழைத்தார். ஆனால் நடை போனது.

“என்ன மச்சான்?”

“தெரியல.”

மாப்பிள்ளை உடனே இடது குச்சியைக் கீழே இழுத்தார். மோட்டார் சத்தம் நின்றது. பிறகு இரண்டு குச்சிகளையும் மூலைக்குத் தள்ளி அப்படியே பிடித்தார். அப்படிப் பிடித்தால் விமானம் வேறெங்கும் போகாமல் அந்த இடத்திலேயே சுழன்று விழும். இதை அவர் முன்னாலேயே எனக்குச் சொல்லியிருந்தார்.

பனிக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. எனக்குத் தெரியவில்லை, பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிகிறது, தெரிகிறது, குச்சியை விடு, எடுத்துவிடலாம் என்று ஏழெட்டுப் பேர் கத்தினார்கள். பப்பா, தெரியுது பப்பா என்றாள் நிவேதா. உயரம் இருந்தது. குச்சிகளை விட்டிருந்தால் நிமிர்ந்திருக்கும்.

அவர் என் பக்கம்கூடத் திரும்பவில்லை.

“நீங்க பாத்தீங்களா மச்சான்?”

வெயில் என் கண்ணில் நேராக அடித்தது. பார்த்தேன் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது.

“இல்ல.”

அவர் கை அசையவில்லை. கடுகு வயலில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. முறம் உடைகிற மாதிரி.

நாங்கள் இருவரும் நடந்துபோய் எடுத்தோம். மஞ்சள் பூவுக்குள் கிடந்தது. நாலு மாத வேலை. இறக்கை மூன்றாக முறிந்திருந்தது. மாப்பிள்ளை துண்டுகளைப் பொறுக்கினார். ஒரு துண்டு விட்டுப்போனது, நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வெள்ளை போட்டது என் தப்பு,” என்றார். “பனிக்காலத்துல சேப்புத்தான் அடிக்கோணும்.”

திரும்பி வந்தபோது கன்னா சாப் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஞாயிறு வேறு விமானம் கொண்டு வா.”

“நான் இறக்கவில்லையே, சாப்.”

“இறக்குவதைப் பார்க்க நான் வரவில்லை.” நோட்டை மூடினார். “ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆள் இல்லாத ஞாயிறு நீ டீ குடி.” பிறகு என்னைக் காட்டினார். “இவரை இங்கேயே வைத்துக்கொள்.”

யாரோ ஒரு தட்டு ராஜ்மா சாவலை என் கையில் வைத்தார்கள். தின்றேன். உப்பு சரியாக இருந்தது. அவர்கள் பயறை நம்மைவிட நிறைய வேக விடுகிறார்கள்.

*

எனக்குச் செவ்வாய்க்கிழமை ரயில். நிவேதாவுக்கு ஞாயிறுதோறும் வேலை. இதைக் கிளப்பில் யாரிடமும் சொல்லவில்லை. காரில் உடைந்த விமானம் என் மடியில் இருந்தது.

திங்கட்கிழமை மாப்பிள்ளை ஆபீஸ் போன பிறகு சரசு பால்கனி வெயிலில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஊரில் பட்டாணியைக் காய்ந்துதான் பார்ப்போம். இங்கே தை மாதம் முழுக்க மூட்டை மூட்டையாகப் பச்சை. நானும் உட்கார்ந்து உரித்தேன்.

“ஒடஞ்சு போச்சில்ல? அதோட முடிஞ்சுது,” என்றாள். “நீங்க சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சு.”

“முடியல சரசு. விடலாம்னு சொல்லீட்டாங்க.”

அவள் கை நின்றது. “என்னண்ணா சொல்றீங்க? கண்ணுத் தெரியாத மனுசனுக்கு எவன் சொன்னது? நாளைக்கு ஒரு உசுரு போனா யாரு நிப்பா, அவனா நிப்பான்?”

நடந்ததைச் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாக ஒரு விஷயம் சொல்லி அவள் கேட்டது அதுவே முதலாக இருக்கும்.

“எல்லாரும் தெரியுதுன்னு கத்துனாங்க. உன்ற மகளும்தான். எடுத்திருந்தா பிளேன் பொழைச்சிருக்கும். எனக்குத் தெரியலைன்னு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்காக விட்டுட்டாரு. ஆளுக இருக்கற பக்கம் வரவே உடல.”

அவள் பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு நாலு மாசம் செஞ்சாருண்ணா,” என்றாள். “நாந்தான் வையுவேன், கைய அறுத்துக்காதீங்கன்னு.”

“ம்.”

“நீங்க நாளைக்குப் போயிருவீங்க. அங்க யாரு நிப்பா?”

ஒரு காயை உரித்தேன். இன்னொன்று உரித்தேன்.

“எனக்கு அதுல என்ன தெரியும்ணா?”

“தெரியறதச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அதுக்கு மேல அதுல வேலையே இல்ல.”

பட்டாணி முடிந்தது. தோலை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் சரசு அவரைச் செருப்பைக் கழற்ற விடவில்லை. “மார்க்கெட் வரைக்கும் வாங்க,” என்றாள். என்னையும் கூப்பிட்டாள். காய்கறிக்கு என்று நினைத்துப் பையை எடுத்தேன். அவள் காய்கறிக் கடையைத் தாண்டி நடந்தாள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குக்காரனையும் தாண்டினாள். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்தபடி வந்தார். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏறினாள்.

கடைக்காரர் அவள் போட்டிருந்த கண்ணாடியை வாங்கித் துடைத்துப் பார்த்தார். பழைய பவர், மாற்ற வேண்டியதுதான் என்றார். படிப்பதற்கா, தூரத்துக்கா என்று கேட்டார்.

“தூர் கா,” என்றாள் சரசு.

எவ்வளவு தூரம், டிவி பார்க்கவா, பஸ் நம்பர் பார்க்கவா என்றார் அவர்.

சரசு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். அவருக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. கடை வெளிச்சத்தில் அந்த ஒரு கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க,” என்றாள், “அந்தப் பிளேன் எவ்வளவு தூரம் போவும்?”